முதல் பலகையைப் படிக்கும் முன்பே: கசப்பான வரலாற்றைக் கட்டடங்கள் சொல்லும் விதம்

பெர்லினில் உள்ள யூத அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, மேலிருந்து பார்த்தால் அது மின்னல் போல இருக்கிறது, உடைந்த நட்சத்திரம் போல இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்தும்விடும். அந்த விளக்கம் பொய்யில்லை. ஆனால் அங்கே போகிறவர் யாரும் மேலிருந்து பார்ப்பதில்லை. கதவைத் திறந்து, படி இறங்கி, நடந்து உள்ளே போகிறார்கள். அவர்களுக்கு நட்சத்திரம் தெரியாது. தரை சரிவது தெரியும், வெளிச்சம் குறைவது தெரியும், போகிற வழி ஒரு சுவரில் போய் முட்டுவது தெரியும்.

இன்னொரு பேச்சும் உண்டு. கொடுமையான வரலாற்றைச் சொல்லும் கட்டடம் என்றால் சாம்பல் நிறமாக, இருட்டாக, பார்த்ததும் மனம் கனக்கும்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம். இந்த இரண்டுமே கட்டடத்தை ஒரு படமாகப் பார்க்கிற பார்வை. அருங்காட்சியகக் கட்டடம் வேலை செய்வது அப்படியில்லை. நீங்கள் எங்கே நடக்கிறீர்கள், எதைத் தாண்டிப் போக முடியாது, எது முதலில் கண்ணில் படுகிறது, எங்கிருந்து வெளியே வருகிறீர்கள் என்பதையெல்லாம் அது முடிவு செய்கிறது. வரலாறு நமக்கு எந்த வரிசையில், எந்த அழுத்தத்தோடு வந்து சேர்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.

எதைக் கசப்பான வரலாறு என்கிறோம்

போர்கள், அரச வம்சங்கள், பழைய நாணயங்கள் எல்லாம் வரலாறுதான். இங்கே பேசுவது வேறு வகை. இனப்படுகொலை, அடிமை வணிகம், நிறவெறி, அணுகுண்டு போன்றவை. பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழ்கிறார்கள். செய்தவர்களின் பிள்ளைகளும் அதே ஊரில், அதே நாட்டில் இருக்கலாம். செய்தது ஒரு அரசாகவே கூட இருக்கலாம், அதே அரசு இன்று அருங்காட்சியகத்துக்குப் பணம் தரவும் செய்யலாம். இப்படிப்பட்ட வரலாற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்கு போட்டால் மட்டும் போதாது. அழகாக வைத்தால் அவமதிப்பு, பயங்கரமாக வைத்தால் வேடிக்கை. இந்த இக்கட்டில்தான் கட்டடக் கலைஞர் வேலையைத் தொடங்குகிறார்.

நீதிமன்றத்துக்குள் நுழைந்தால்

ஒரு நீதிமன்ற அறையை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் நீதிபதியின் இருக்கை மேடை மேல் இருக்கிறது, அவர் வருவதற்குத் தனிக் கதவு இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் நிற்க ஒரு கூண்டு இருக்கிறது. அங்கே அதிகாரம் யாரிடம், யார் யாரை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம் ஒரு வரி தெரியாதவருக்கும் புரிந்துவிடும். அறையின் அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

அருங்காட்சியகமும் இதே உத்திகளைத்தான் கையாள்கிறது: உயரம், வழி, வெளிச்சம், தடை. நீதிமன்றத்தில் ஓரிடத்தில் நிற்கிறோம். அருங்காட்சியகத்திலோ ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கிறோம். அதனால் இங்கே முதலில் கவனிக்க வேண்டியது வழி.

நடைவழி: எதைத் தாண்டிப் போக முடியாது

பார்வையாளர் நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை நடக்கும்படி அமைக்கப்பட்ட பாதையை நடைவழி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஓவியக் கூடத்தில் நடைவழி தளர்வாக இருக்கும்; பிடித்த அறைக்கு நேராகப் போகலாம். கசப்பான வரலாற்றைச் சொல்லும் இடங்கள் பலவற்றில் அந்தச் சுதந்திரத்தை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள்.

வாஷிங்டனில் 1993-இல் திறக்கப்பட்ட அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் இதற்கு நல்ல உதாரணம். ஹோலோகாஸ்ட் என்பது நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த இனப்படுகொலை. அதை வடிவமைத்த ஜேம்ஸ் இங்கோ ஃப்ரீட் ஜெர்மனியில் பிறந்தவர், சிறுவனாக இருந்தபோது 1939-இல் அங்கிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்தவர். அங்கே நிரந்தரக் காட்சியைப் பார்க்க லிஃப்டில் மேலே ஏற வேண்டும். கதவு திறந்ததும் எதிரே சுவர் அளவுக்கு ஒரு புகைப்படம்: நாஜி முகாமைக் கைப்பற்றிய அமெரிக்க வீரர்கள், எரிந்த உடல்களின் முன் நிற்கிறார்கள். அங்கிருந்து தளம் தளமாகக் கீழே இறங்குகிறோம். முதலில் 1933 முதல் 1939 வரை, அடுத்த தளத்தில் 1940 முதல் 1945 வரை, கடைசியில் விடுதலையும் அதற்குப் பிந்தைய காலமும். நடுவில் புகுந்து நடுவில் வெளியேறுவது எளிதில்லை.

அந்த வழியில் ஒரு கோபுரம் வருகிறது. இன்றைய லிதுவேனியாவில் உள்ள ஐஷிஷோக் என்ற சிற்றூரின் யூதர்கள் எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள், ஏறத்தாழ ஆயிரம், அதன் சுவர்களில் அடிமுதல் உச்சி வரை நிறைந்திருக்கின்றன. கல்யாணப் படம், சைக்கிளோடு நிற்கும் இளைஞர், பனியில் விளையாடும் பிள்ளைகள் என்று எந்த வீட்டு ஆல்பத்திலும் இருக்கக்கூடிய படங்கள். நடைவழி இந்தக் கோபுரத்தின் ஊடே ஒரு முறை போகிறது. ஒரு தளம் இறங்கிய பிறகு, அதே கோபுரத்தின் ஊடே மறுபடியும் போகிறது. முதல் முறை கடக்கும்போது அது ஓர் ஊரின் வாழ்க்கை. அடுத்த தளத்தில், 1941 செப்டம்பரில் அந்த ஊர் யூதர்கள் இரண்டே நாளில் கொல்லப்பட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, அதே முகங்களின் நடுவே மீண்டும் நிற்க வேண்டியிருக்கிறது. படங்கள் மாறவில்லை. இடையில் நமக்கு ஒரு செய்தி தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். இதை எந்த விளக்கப் பலகையாலும் செய்ய முடியாது. ஒரே கோபுரத்தை இரண்டு உயரங்களில் வெட்டிச் செல்லும் பாதையால்தான் முடியும். கட்டடமும் வரலாறும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து வேலை செய்த இடங்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு மையமான யாத் வஷெமின் புதிய அருங்காட்சியகம் 2005-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் மோஷே சஃப்டி. மலையைக் குடைந்து செல்லும் நீண்ட முக்கோணக் குழாய் போன்ற கட்டடம் அது. நீளம் சுமார் 180 மீட்டர். உள்ளே நுழைந்ததுமே மறுமுனையின் வெளிச்சம் தெரியும். நேராக நடந்தால் சில நிமிடங்களில் போய்விடலாம். ஆனால் தரையில் குறுக்கே பள்ளங்கள் வெட்டி அந்த நேர்வழியை மறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடையிலும் பக்கத்து அறைக்குத் திரும்பி, அங்குள்ளதைப் பார்த்துவிட்டு, மறுபடி நடுவழிக்கு வந்துதான் முன்னே போகலாம். வெளியேறும் இடம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் எட்டவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் நிறவெறி அருங்காட்சியகம் இதையே வாசலில் செய்துவிடுகிறது. டிக்கெட்டில் 'வெள்ளையர்' அல்லது 'வெள்ளையர் அல்லாதவர்' என்று ஏதோ ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். யாருக்கு எது என்பதில் எந்தக் கணக்கும் இல்லை. அதன்படி வேறு வேறு வாசல்களில் நுழைய வேண்டும். கூட வந்தவர் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சற்றுத் தூரம்தான் இந்தப் பிரிவு. ஆனால் ஒரு சீட்டை வைத்து மனிதர்களை எவ்வளவு சுலபமாகப் பிரிக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சரி, இதுவரை பார்த்தது இதுதான்: நடைவழி என்பது ஒரு வரிசை. எது முன், எது பின், எதைத் தவிர்க்கவே முடியாது என்று அது தீர்மானிக்கிறது.

காலியாக விட்ட இடம்

இப்போது பெர்லினுக்குத் திரும்பலாம். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த அந்தக் கட்டடத்துக்குத் தெருவிலிருந்து நேர் வாசல் கிடையாது. பக்கத்தில் உள்ள, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய மாளிகைக்குள் நுழைந்து, நிலத்துக்கு அடியில் இறங்கித்தான் புதிய கட்டடத்துக்குப் போக முடியும். வெளியே தனித்தனியாக நிற்கும் இரண்டு கட்டடங்களும் நிலத்தடியில் இணைந்திருக்கின்றன. ஜெர்மன் வரலாறும் யூத வரலாறும் அப்படித்தான் பிணைந்திருந்தன என்பதை வாசலே சொல்லிவிடுகிறது.

கீழே மூன்று வழிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பிரிகின்றன. ஒன்று நாடு விட்டுப் போனவர்களின் வழி. அது வெளியே ஒரு தோட்டத்தில் முடிகிறது. 49 கான்கிரீட் தூண்கள், அவற்றின் உச்சியில் செடிகள். தரையே சாய்வாக இருப்பதால் தூண்களும் சாய்ந்து நிற்கின்றன. அங்கே நடந்தால் லேசாகத் தலை சுற்றும். தப்பித்துப் போனாலும் புதிய நாட்டில் காலூன்ற முடியாத நிலை உடம்புக்கே புரிகிறது. இரண்டாவது, கொல்லப்பட்டவர்களின் வழி, ஒரு கனமான கதவில் முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் 24 மீட்டர் உயரமுள்ள வெற்றுக் கான்கிரீட் கோபுரம். உள்ளே எதுவும் இல்லை. வெப்பமூட்டும் வசதியும் இல்லை. மேலே எங்கோ ஒரு கீற்று வெளிச்சம் மட்டும், தொலைவில் நகரத்தின் சத்தம். மூன்றாவது, மிக நீளமான வழி, செங்குத்தான படிக்கட்டில் ஏறிக் காட்சி அறைகளுக்குப் போகிறது.

ஆனால் இந்தக் கட்டடத்தின் உயிர் இவை மூன்றிலும் இல்லை, வெற்றிடங்களில் இருக்கிறது. வெற்றிடம் என்றால் பயன்பாட்டுக்கென்று இல்லாமல், எதையும் வைக்காமல், வேண்டுமென்றே காலியாக விடப்பட்ட அறை. கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மேலிருந்து கீழ் வரை, இப்படி ஐந்து வெற்றிடங்கள் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. பெரும்பாலானவற்றுக்குள் நுழைய முடியாது. காட்சிகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது, ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு இவற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

ஏன் இப்படி? 1933-இல் பெர்லினில் சுமார் 1,60,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் கொல்லப்பட்டவர்கள் விட்டுச்சென்ற பொருள்களைக் காட்சிக்கு வைக்கலாம். அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய புத்தகத்தையோ, பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகளையோ எப்படிக் காட்சிக்கு வைப்பது? இல்லாமல் போனதை ஒரு பொருளால் காட்ட முடியாது. நிரப்ப முடியாத ஓர் இடத்தால் காட்டலாம். அதனால்தான் இந்த வெற்றிடங்களில் ஒன்றும் இல்லை.

ஒன்றில் மட்டும் நுழையலாம். அதன் தரையில் இஸ்ரேலியக் கலைஞர் மெனாஷே கதிஷ்மான் கனத்த இரும்புத் தகடுகளில் வெட்டிய முகங்களைப் பரப்பியிருக்கிறார். வாய் திறந்த முகங்கள், பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றின் மீது நடக்கலாம். நடந்தால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் அந்த உயரமான சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். சிலர் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நடப்பதா வேண்டாமா என்பதை அவரவர் தீர்மானிக்க வேண்டும். கட்டடம் வற்புறுத்துவதில்லை.

இந்தக் கட்டடம் 1999-இல் கட்டி முடிக்கப்பட்டு, காட்சிப்பொருள் எதுவும் இல்லாமலேயே மக்களுக்குத் திறக்கப்பட்டது. நிரந்தரக் காட்சி வந்தது 2001-இல்தான். காலியாகவே விட்டுவிடலாமே என்று அந்த நாட்களில் பலர் சொன்னார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். பெயர்களும் கடிதங்களும் ஆவணங்களும் இல்லாமல் வெறும் சாய்ந்த தரையும் இருட்டும் மட்டும் இருந்தால், பார்வையாளர் ஓர் உணர்ச்சியோடு வெளியே வருவார். யாருக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

குற்றம் செய்தவர்கள் கட்டிய கட்டடம்

புதிதாகக் கட்டும்போது இவ்வளவும் செய்யலாம். ஏற்கெனவே நிற்கும் கட்டடமே குற்றத்தின் பகுதியாக இருந்தால்? நியூரம்பர்க்கில் நாஜிக் கட்சி தன் மாநாடுகளுக்காக 50,000 பேர் அமரக்கூடிய பிரமாண்ட மண்டபம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. ரோமாபுரியின் வட்டரங்கை மாதிரியாகக் கொண்ட அது முடிக்கப்படாமலே நின்றுபோனது. இடிப்பதா? இடித்தால் சாட்சி அழியும். சீராக்கி அழகுபடுத்துவதா? அப்படிச் செய்தால் ஹிட்லரின் கனவை நாமே முடித்துக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் கியூந்தர் டோமெனிக் வேறொரு வழி கண்டார். கண்ணாடியும் எஃகுமாக ஒரு நடைபாதையை, கல்லில் ஈட்டி பாய்ந்தது போல, கட்டடத்தின் மூலைவிட்டமாகச் செலுத்தினார். எல்லாமே செங்கோணமாக, சமச்சீராக இருக்கும் கட்டடத்தில் அந்தப் பாதை மட்டும் எதோடும் ஒத்துப்போகாமல் சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகிறது. உள்ளே செங்கல் பூசாமல் அப்படியே இருக்கிறது. 2001-இல் ஆவண மையமாக அது திறக்கப்பட்டது. அங்கே நடக்கிறவர் நாஜிகளின் மண்டபத்துக்குள் இருப்பார், ஆனால் நாஜிகள் வகுத்த வழியில் நடக்க மாட்டார்.

டிரெஸ்டனில் உள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்திலும் இதே போன்ற வெட்டு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஆயுதக் கிடங்கை லிபெஸ்கிண்டின் உலோக ஆப்பு ஒன்று பிளந்துகொண்டு நிற்கிறது; திறப்பு 2011-இல். பழைய பகுதியில் போர் வரலாறு ஆண்டு வரிசையில் ஒழுங்காகப் போகிறது. ஆப்புக்குள் நுழைந்ததும் அந்த வரிசை உடைந்து, வன்முறை, துன்பம் போன்ற கருப்பொருள்களின்படி காட்சிகள் அமைகின்றன.

இடமே சாட்சியாக இருக்கும்போது

சில இடங்களில் கட்டடக் கலைஞர் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் சரி. கம்போடியத் தலைநகர் நோம்பென்னின் துவோல் ஸ்லெங் முன்பு ஒரு பள்ளிக்கூடம். 1970-களின் பிற்பகுதியில் நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி அதைச் சிறையாக்கியது. குறைந்தது 12,000 பேர் அங்கே அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். வகுப்பறைகளை அவசர அவசரமாகச் செங்கல் வைத்துச் சிறு சிறு அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மாடி வராந்தாவில் கைதிகள் குதித்து உயிரை விட்டுவிடாமல் இருக்க முள்கம்பி வலை. அறைகளின் அளவும் ஜன்னல்களும் இன்றும் ஒரு பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்துகின்றன. அங்கே கனம் தருவது இந்தப் பொருத்தமின்மைதான். எதையாவது புதிதாகக் கட்டினால் அது கெட்டுவிடும்.

ஹிரோஷிமாவில் கென்சோ டாங்கே அமைதி அருங்காட்சியகத்தைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, கீழே பார்வைக்கு வழிவிட்டார். அது 1955-இல் திறக்கப்பட்டது. இங்கே பார்வைக்கோடு என்ற ஒரு சொல் தேவைப்படுகிறது: ஓரிடத்தில் நிற்பவரின் கண் எதன் ஊடே எதைப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்பது. அருங்காட்சியகத்தின் அருகே நின்று பார்த்தால் நினைவு வளைவும் அதன் ஊடே, அப்பால், குண்டில் சிதைந்த குவிமாடக் கட்டடமும் ஒரே நேர்கோட்டில் தெரியும். அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய காட்சிப்பொருள் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருக்கிறது.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கிய பழைய துறையின் மேல், 2023-இல் திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமும் நிலத்தைத் தொடாமல் தூண்களில்தான் நிற்கிறது. அடியில் ஓர் ஆழமில்லாத குளம். கப்பலுக்குள் நெருக்கிப் படுக்கவைக்கப்பட்ட மனித உருவங்கள் அதன் தரையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீர் ஏறும்போது அவை மூழ்கும், வடியும்போது வெளியே தெரியும்.

ஆக, மூன்று வகைகளைப் பார்த்தாயிற்று: புதிதாகக் கட்டியது, பழையதை வெட்டியது, இடத்தை இடமாகவே விட்டது.

கட்டடம் தவறு செய்வது எங்கே

2021-இல் ஜாலியன்வாலா பாக் புதுப்பிக்கப்பட்டபோது எழுந்த கோபம் இதை நன்றாக விளக்கும். 1919 ஏப்ரல் 13 அன்று டயரின் படைகள் நுழைந்த சந்து மிகக் குறுகலானது. அவர் கொண்டுவந்த கவச வண்டிகளால் அதற்குள் நுழையவே முடியவில்லை. வெறும் செங்கல் சுவர்களுக்கு நடுவே அந்தச் சந்தில் நடந்தாலே, உள்ளே இருந்தவர்கள் எப்படிச் சிக்கிக்கொண்டார்கள் என்பது புரிந்துவிடும். புதுப்பித்தபோது அந்தச் சுவர்களில் மனித உருவச் சிற்பங்களைப் பதித்தார்கள். வரலாற்றாளர்கள் பலர் எதிர்த்தார்கள். என் கருத்தும் அதுதான். அலங்காரம் வந்ததும் நம் கண் சிற்பத்துக்குப் போய்விடுகிறது. சந்தின் அகலத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அங்கே சாட்சி அந்த அகலம்தான்.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் 2002-இல் திறக்கப்பட்ட 'பயங்கர மாளிகை' என்ற அருங்காட்சியகம் வேறு வகைத் தவறு. நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியும், பிறகு கம்யூனிஸ்ட் அரசின் ரகசியக் காவல்துறையும் பயன்படுத்திய கட்டடம் அது. தூக்குத் தண்டனை எப்படி நிறைவேற்றப்படும் என்று ஒருவர் விவரிக்கும் வீடியோ ஓட, லிஃப்ட் மிக மெதுவாக நிலவறைக்கு இறங்கும். திறமையான ஏற்பாடுதான். ஆனால் அறைகளின் கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதி கம்யூனிஸ்ட் காலத்துக்கே போய்விட்டது. யூதர்களைக் கொன்ற காலத்துக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். வரலாற்றாளர்களின் முக்கியக் குறை இதுதான். சுவரில் ஒரு பொய்யும் எழுதாமலேயே, யாருக்கு எத்தனை அறை என்று பிரித்துக் கொடுப்பதன் மூலம் வரலாற்றைச் சாய்க்க முடியும். அதனால்தான் கட்டட வரைபடத்தையும் ஓர் ஆவணமாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

வெளியேறும் வாசல்

கதையின் முடிவைச் சொல்வது வெளிவாயில். யாத் வஷெமில் அந்த நீண்ட குழாய் மலையின் மறுபக்கம் விரிந்து, ஜெருசலேமின் குன்றுகளைக் காட்டும் மேடையில் முடிகிறது. அழிவுக்குப் பின் இந்த நாடு என்று அந்தக் காட்சி சொல்கிறது. அது ஓர் அரசியல் நிலைப்பாடும்கூட. ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. லிஃப்ட் இறங்க இறங்க, சுவரில் ஆண்டுகள் பின்னோக்கிப் போய் 15-ஆம் நூற்றாண்டில் நிற்கும். அங்கிருந்து அடிமை முறை, நிறப் பிரிவினைச் சட்டங்கள் வழியாக மேலே ஏறி, இசையும் கலையும் உள்ள வெளிச்சமான மாடிகளுக்கு வருகிறோம். ஏற்றமே முடிவு. மனதுக்கு இதமான அமைப்புதான். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பையும் அது தந்துவிடக்கூடும்.

அலபாமாவின் மான்ட்கோமரியில் 2018-இல் திறக்கப்பட்ட அமைதி மற்றும் நீதிக்கான தேசிய நினைவிடம் அப்படி ஒரு முடிவைத் தர மறுக்கிறது. இது அருங்காட்சியகம் இல்லை, நினைவிடம்தான். ஆனாலும் இந்தப் பேச்சில் இதை விட முடியாது. வெள்ளைக் கும்பல்கள் விசாரணையின்றிக் கொன்ற 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்கான இடம் அது. கொலை நடந்த மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துருநிற எஃகுத் தூண் என 800-க்கும் மேற்பட்ட தூண்கள். தொடக்கத்தில் அவை ஆள் உயரத்தில் நிற்கின்றன. பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம். நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, தூண்கள் அதே உயரத்தில் நின்றுவிடுகின்றன. கடைசியில் அவை தலைக்கு மேல் தொங்கும்.

வெளியே வந்தால் அதே தூண்களின் மறுபிரதிகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கின்றன. அந்தந்த மாவட்டத்து மக்கள் தங்கள் ஊரில் நடந்ததை ஒப்புக்கொண்டு, தங்களுக்கு உரியதை எடுத்துப்போய்ச் சொந்த மண்ணில் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எடுத்துப்போகாத மாவட்டம் எது என்பது வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அதன் பெயர் பொறித்த தூண் அங்கேயே கிடக்கும்.